யானை எடுத்த ஒடுக்கு

சத்தியம் தம்பி! நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் இந்த பஸ் உக்கடம் போய்ச் சேராது. கற்பூரம் இருந்தால் உங்கள் கண்முன்னால் ஏற்றி, வெறுங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணுவேன். கண்டக்டர் விடமாட்டார். "பெருசு, மெதுவாப் பேசுங்க"ன்னு கையைக் காட்டுகிறார் பாருங்க. உண்மையைச் சொல்கிறவனுக்குச் சத்தம் கொஞ்சம் கூடத்தான் வரும். பொய் சொல்கிறவன்தான் காதுக்குள்ளே பேசுவான். நீங்க அந்த ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்துக்கங்க, எனக்குக் கையை ஆட்டிப் பேச இடம் வேணும்.

என் பேர் ஆறுச்சாமி. ஆனைமலைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. மாப்பிள்ளை சிவபிரகாஷ் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். தங்கமான பிள்ளை, பேச்சு மட்டும் குறைவு. போன மாசி மாதம் சிவப்பில் ஒரு புதுக் கார் வாங்கினார். வாங்கின கையோடு அதை எங்கள் தோப்பு வீட்டில் நிறுத்திவிட்டு என் மகள் வாசுகியைக் கூட்டிக்கொண்டு காசிக்குக் கிளம்பிவிட்டார். சாவியைக் கொடுக்கும்போது, "மாமா, நிழல்ல நிக்கட்டும், எடுக்க வேண்டாம்" என்றார். எடுக்க வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? தூரமாக எடுக்க வேண்டாம் என்று அர்த்தம். நான் பேக்கரி வரைக்கும்தான் எடுத்தேன். டிராக்டர் ஓட்டின கை தம்பி இது. கார் எல்லாம் இந்தக் கைக்கு விளையாட்டுச் சாமான்.

பேக்கரியில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் முடித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வருகிறேன். தோப்புக் கேட்டுக்கு முன்னால், வழியை அடைத்துக்கொண்டு, ஒற்றைக் கொம்பன் யானை! ஊர் பேரே ஆனைமலை. அங்கே யானை வராமல் ஆடா வரும்? நான் ஹாரன் அடித்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. புது வண்டி ஹாரன் கொஞ்சம் கீச்சென்று இருக்கும், யானைக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும். திரும்பிப் பார்த்தது. நான் கண்ணாடியை இறக்கி, "அய்யா, வண்டி என்னுது இல்லை, மாப்பிள்ளையோடது" என்று நியாயம் சொன்னேன். கேட்கிற மாதிரித்தான் நின்றது. அப்புறம் சுற்றி வந்து, இடது பக்கப் பின்கதவில் பளீரென்று ஒரே முட்டு. முட்டிவிட்டு வந்த வழியே போய்விட்டது. கதவில் சோற்றுத் தட்டு அளவுக்கு ஒடுக்கு. பெயிண்ட் மட்டும் ஒரு பொட்டுக்கூட உதிரவில்லை. யானை அப்படி நாசூக்காக முட்டியிருக்கிறது.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரி மயிலாத்தா ஓடி வந்தாள். கதவைப் பார்த்தாள். அப்புறம் கிடாயைப் பார்த்தாள். கிடா காருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தது. கிடாயைப் பற்றிச் சொல்லவில்லையே? மயிலாத்தா கருப்பராயனுக்கு நேர்ந்து விட்ட கிடா அது. நேர்ந்து விட்ட கிடாயை எங்கள் பக்கம் யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. கடையில் போய் வாழைப்பழத்தைத் தின்றாலும் "தின்னுட்டுப் போ சாமி" என்று சும்மா இருக்க வேண்டும். அதற்கு ஒரு பழக்கம், பளபளப்பாக எதைக் கண்டாலும், அதில் இன்னொரு கிடா நிற்கிறது என்று முறைக்கும். ஒரு தடவை சலூனுக்குள்ளே புகுந்து பெரிய கண்ணாடியை... அது வேற கதை, அதை விடுங்க. அன்றைக்கு அது தலையைத் தொங்கப்போட்டு, கண் சொருகி, தள்ளாடிக்கொண்டு நின்றது. யானை வாசம் பட்டால் ஆடு அப்படித்தான் நிற்கும். பாவம், வாயில்லாப் பிராணி.

நான் நடந்ததைச் சொன்னேன். மயிலாத்தா கிடாயின் நெற்றியைத் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்க, யானைன்னே சொல்லிப்போடுங்க. எல்லாத்துக்கும் அதுதான் நல்லது" என்றாள்.

கல்யாணம் ஆன நாளில் இருந்து அவள் என் பேச்சை ஒரே தடவையில் நம்பினது அன்றைக்குத்தான் தம்பி.

இப்போது பேக்கரிக்கு வருவோம். எங்கள் ஊரில் சாயங்காலம் ஆம்பிளைகள் எல்லாம் ஷாஜி சேட்டன் பேக்கரி பெஞ்சில்தான். அங்கே நான் ஒரு கதையை எடுத்தால் போதும், ஒருத்தனுக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டணும், ஒருத்தனுக்கு மோட்டார் போடணும், இன்னொருத்தனுக்கு வயிற்றைக் கலக்கும். பெஞ்சு காலியாகிவிடும். தண்டபாணி என்று ஒருத்தன், பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் மட்டும் எழுந்து போகமாட்டான். உட்கார்ந்த இடத்திலேயே சட்டைப் பையில் இருந்து விசிலை எடுத்து ஊதி, "ஃபவுல்!" என்பான். சொந்த ஊரில் ஒரு மனுசன் வாயைத் திறக்க முடியவில்லை என்றால் அதை என்னவென்று சொல்வது?

யானை முட்டின மறுநாள் காரைக் கொண்டுபோய்ப் பேக்கரிக்கு முன்னால் நிறுத்தினேன். கதவைக் காட்டினேன். சொன்னேன். ஒருத்தன் எழுந்திருக்கவில்லை! தண்டபாணி விசிலைக் கையில் எடுத்தான், ஒடுக்கைப் பார்த்தான், திரும்பப் பைக்குள் போட்டான். அன்றிலிருந்து என் ராஜ்ஜியம்தான். ஃபேனுக்கு நேர் கீழே எனக்கு இடம். சூடான பப்ஸ் அடுப்பில் இருந்து வந்தால் முதலில் எனக்கு. பக்கத்து ஊரில் இருந்தெல்லாம் ஆள் வந்து ஒடுக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா கைக்குழந்தையைக் கொண்டுவந்து அதன் கன்னத்தை ஒடுக்கில் ஒற்றி எடுத்தாள். பயம் தெளியுமாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, திருநீறு மட்டும் பூசிவிட்டேன்.

காசியில் இருந்து மாப்பிள்ளை வந்தார். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்ல மனுசன், ஒன்றுமே சொல்லவில்லை. அடுத்த ஒரு வாரம் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவர் தங்கச்சிக்குக் கல்யாணம் கூடி வந்தது. பொண்ணை அழைத்துப்போகிற வண்டி இந்தக் கார்தான் என்று சம்மந்தி வீட்டில் முடிவு.

"அப்பா, மாலை போட்டு ஜோடிச்ச வண்டியில பக்கத்துல பள்ளமா? எங்க மாமியார் என்னைத்தான் பேசுவாங்க. அது போயே ஆகணும்" என்றாள் வாசுகி.

ஒடுக்கு போனால் என் பெஞ்சும் போச்சே! சரி, டிங்கர் பட்டறையில் தட்டுவார்கள், பள்ளத்தில் புட்டி பூசி அடைப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். எவ்வளவு அடித்தாலும் கலர் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். அது போதும், அதைக் காட்டியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மாப்பிள்ளை அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"பெயிண்ட் அடிக்காமலே ஒடுக்கு எடுக்கிற ஆள் ஒருத்தர் சிங்காநல்லூர்ல இருக்கார் மாமா. புட்டி கிடையாது, சுத்தியல் கிடையாது. தடயமே இருக்காது."

தடயமே இருக்காதாம்! மாப்பிள்ளை பேசுகிற பேச்சா தம்பி இது? கொலைகாரன் பேசுகிற பேச்சு.

நானும் கூடவே போனேன். ஏதாவது பண்ணிக் கொஞ்சத்தையாவது காப்பாற்றிவிடலாம் என்றுதான் போனேன். கடைக்காரர் பேர் சிக்கந்தர். நாற்பது வயசு இருக்கும், மருதாணி போட்ட தாடி, வாயில் எப்போதும் சோம்பு. மாப்பிள்ளை காரை விட்டுவிட்டு, கல்யாணப் பத்திரிகை வாங்க டவுன்ஹால் பக்கம் போய்விட்டார். நானும் சிக்கந்தரும் ஒடுக்கும்தான் பாக்கி.

"எதுல இடிச்சதுங்க அய்யா?"

"இடிக்கல. யானை முட்டுச்சு."

அந்த ஆள் சிரிக்கவில்லை. கீழே உட்கார்ந்து பார்த்தார்.

"யானை ஏனுங்க முழங்கால் உசரத்துல முட்டுச்சு?"

"குனிஞ்சு முட்டுச்சு."

"மரியாதை தெரிஞ்ச யானைங்க" என்றார். கதவின் அடி ரப்பரில் சிக்கியிருந்த நாலைந்து முடியை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "அய்யா, இந்த யானை மே, மேன்னு கத்துச்சுங்களா?"

ஆனைமலைப் பக்கம் வந்தே பார்க்காதவரிடம் யானையைப் பற்றி என்ன பேசுவது? யானைக்கும் வயசானால் முடி மெலியும். எனக்கு மெலியவில்லையா? அந்த முடியை வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன். இப்போது எங்கள் ஊரில் நாலு பேர் அதை மோதிரத்தில் வைத்துக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். யானை முடி ராசி தம்பி. மழை பெய்தால் மட்டும் கொஞ்சம் வாடை அடிக்கும்.

அப்புறம் அந்த ஆள் ஆரம்பித்தார் பாருங்க. "யானை ஒண்ணும் பெருசில்லைங்க. போன மாசம் தூத்துக்குடியில இருந்து ஒரு வண்டி வந்துச்சு. திமிங்கலம் வாலால அடிச்ச ஒடுக்கு."

"வண்டி ஏனப்பா கடலுக்குள்ள போச்சு?"

"வண்டி போகலைங்க. திமிங்கலம் ரோட்டுக்கு வந்துச்சு. டீ குடிக்க."

எனக்குக் காது மடல் எல்லாம் சூடாகிவிட்டது. தம்பி, எனக்கு எது வேணும்னாலும் ஆகும், பொய் மட்டும் ஆகாது. தாடி வைத்த மனுசன், பெரியவன் ஒருத்தன் முன்னால் உட்கார்ந்துகொண்டு இப்படிப் புளுகலாமா? சொல்கிற பொய்யில் ஒரு பொருத்தம் வேண்டாமா? திமிங்கலம் எப்படி கிளாஸைப் பிடிக்கும்?

"வாலாலதானுங்க" என்றார், கேட்டதற்கு.

வேலையைச் சொல்ல வேண்டும். கதவுக்கு நேராகக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு விளக்குப் பலகையை நிறுத்தினார். அந்தக் கோடெல்லாம் கதவில் நிழலாக விழுகிறது. நல்ல தகட்டில் கோடு நேராக ஓடுகிறது, ஒடுக்கு இருக்கிற இடத்தில் மட்டும் பாம்பு மாதிரி வளைகிறது. கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் ஆப்பு வைத்து, வளைந்த நீளக் கம்பி ஒன்றை உள்ளே விட்டார். கண் கோட்டின் மேல், கை கம்பியில். உள்ளே இருந்து ஒரு நெம்பு. ஒரு மிளகு அளவு தகடு எழும்புகிறது. இன்னொரு நெம்பு. இன்னொரு மிளகு. ஒவ்வொரு நெம்புக்கும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். என் ஃபேன் போச்சு, என் பப்ஸ் போச்சு.

தாங்கமாட்டாமல் கேட்டேவிட்டேன். "தம்பி, ஓரமாக் கொஞ்சம் விட்டு வையப்பா. ஒரு இட்லி அளவு போதும்."

கம்பியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தத் தொழிலுக்கு வந்து ஒடுக்கை மிச்சம் வைக்கச் சொன்ன மொத ஆள் நீங்கதான். ஏனுங்க?"

பேக்கரி, பெஞ்சு, விசில் எல்லாம் சொன்னேன். ரொம்ப அக்கறையாகக் கேட்டார். சோம்பை மென்றுகொண்டே, "பாவந்தான். ஆனா மிச்சம் வச்சா என் பேர் கெட்டுப்போகுமுங்க" என்று திரும்ப நெம்ப ஆரம்பித்துவிட்டார். மனசாட்சி இல்லாத ஆள்.

கடைசியில் நடுவில் ஒரு உள்ளங்கை அகலம் மட்டும் அசையவில்லை. கதவுக்குள்ளே குறுக்கே இரும்புத் தடுப்பு இருக்கிறதாம், கம்பி அங்கே எட்டாதாம். கருப்பராயன் கைவிடவில்லை என்று நினைத்தேன். அந்த ஆள் உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். நீளமான கறுப்பு ரப்பர் குழாய், மடிப்பு மடிப்பாக. நுனியில் ஒரு ரப்பர் வாய். அதைக் கதவில் வைத்து மோட்டாரைப் போட்டதும், உஸ்ஸென்று உறிஞ்சிக்கொண்டு ஒட்டிக்கொண்டது. பிடித்து ஒரு இழு. டப்! கதவு கண்ணாடியாகிவிட்டது. அதில் என் மூஞ்சி நேராகத் தெரிந்தது. கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்தார். மாமா சந்தோஷத்தில் அழுகிறார் என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

ஆனால் தம்பி, தண்ணி வழிகிற கண்ணோடு நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் குழாயை. கறுப்பு. மடிப்பு. நீளம். நுனியில் உறிஞ்சுகிற வாய். உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கும் அதுதான் வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, சாப்பாட்டில் பாயசம் மட்டும் தண்ணி. அதற்கு அடுத்த நாள் கார் எங்கள் ஊருக்கு வந்தது. பேக்கரிக்கு முன்னால் நிறுத்தி இறங்கினேன். தண்டபாணி சுற்றி வந்து கதவைப் பார்த்தான். அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

"எங்கய்யா ஆறுச்சாமி உன் யானை?" என்று கேட்டுவிட்டு விசிலை எடுத்து நீளமாக ஊதினான். பெஞ்சில் ஒருத்தன் மோட்டார் போடணும் என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"உட்காருடா!" என்றேன். "யானை திரும்பி வந்துச்சு."

எழுந்தவன் உட்கார்ந்தான்.

"பண்ணினது தப்புன்னு அதுக்கே தெரிஞ்சுபோச்சு. கல்யாண வண்டியாச்சே! கேட்டுக்கு முன்னால வந்து நின்னுச்சு. தும்பிக்கையைக் கொண்டுபோய்க் கதவுல வச்சு, உஸ்ஸுன்னு மூச்சை உறிஞ்சி, டப்புன்னு ஒரு இழு. முட்டின அதுவே எடுத்துக் குடுத்துட்டுப் போயிருச்சு. நம்பாதவன் கதவைத் தடவிப் பாரு. புட்டி இருக்குதா? பெயிண்ட் மாறியிருக்குதா? சுத்தியல் பட்டிருக்குதா?"

அதைப் பொய் என்று நினைக்காதீங்க. கடைக்காரர் இழுத்ததும் உண்மை, யானை இழுத்திருக்கும் என்பதும் உண்மை. யானைக்கு மனசு இருந்தது, வருவதற்குள் மாப்பிள்ளை அவசரப்பட்டுவிட்டார். நடக்க இருந்ததை நான் முன்கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.

தண்டபாணி விடுகிற ஆளா? போய் டிங்கர் மாசிலாமணியைக் கூட்டிவந்தான். மாசிலாமணி எங்கள் பக்கத்துக்கே பேர் போன டிங்கர். காந்தத்தை ஒட்டவைத்துப் பார்த்தான். விரல் மடக்கித் தட்டிக் கேட்டான். கன்னத்தைக் கதவோடு வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். கடைசியில் எழுந்து, "இது கம்பெனி பெயிண்ட். புட்டி ஒரு துளி இல்ல. என்னாலேயே முடியாதுன்னா, இதை எடுக்க இனி ஒரு மனுசன் பொறந்துதான் வரணும்" என்று கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒடுக்கு இருந்தபோது கூட எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடையாது தம்பி. ஷாஜி சேட்டன் கேக் ஒன்றை ஓசியில் கொண்டுவந்து வைத்தார். மலையாளத்தில் ஏதோ சொன்னார், நல்லதாகத்தான் இருக்கும்.

அதோடு நின்றிருந்தால் நான் ஏன் இந்த பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு வருகிறேன்?

மறுநாள் பார்த்தால் பால் வேன் ஒன்று எங்கள் தோப்புப் பாதையில் நிற்கிறது. பின்பக்கம் நசுங்கின வேன். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு வாழைத்தார். யானைக்காம்! அடுத்தது பேங்க் மேனேஜர் கார், கரும்புக் கட்டோடு. அப்புறம் ஒரு ஆட்டோ, பலாப்பழத்தோடு. பாதை முழுக்க ஒடுக்கு விழுந்த வண்டிகள், கோயில் வரிசை மாதிரி. விடிந்து பார்த்தால் பழமெல்லாம் காலி, ஒடுக்கு மட்டும் அப்படியே. போதாக்குறைக்கு மேனேஜர் காரில் முழங்கால் உயரத்தில் புதுசாக இன்னொரு ஒடுக்கு. எங்கள் கிடா வயிறு உப்பிப் போய் ஒரு ஓரமாகப் படுத்திருந்தது. அதற்கு என்னமோ கொஞ்ச நாளாகவே உடம்பு சரியில்லை.

ஊரில் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "உங்க யானை தார் தாராத் தின்னுட்டு வேலை பார்க்காமப் போகுதே, ஆறுச்சாமி அண்ணா?" என்கிறார் பால்காரர். யானை பேர் கெட்டால் என் பேர் கெட்டதுதானே? நேற்று தண்டபாணி தன் காரையே கொண்டுவந்து வரிசையில் விட்டான். அவனே பின்னால் எடுக்கும்போது பள்ளிக்கூடத் தூணில் கதவை இடித்துக்கொண்டது. பேக்கரியில் எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டான்:

"ஞாயித்துக்கிழமைக்குள்ள என் கதவு நேராகணும் ஆறுச்சாமி. ஆகலைன்னா இந்தப் பெஞ்சுல உட்கார்ந்து இனிமேல் நீ பன்னு திங்கலாம், டீ குடிக்கலாம். வாயத் தொறந்து ஒரு கதை சொல்லக்கூடாது."

சரின்னு சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? மயிலாத்தா அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நல்ல மனுசன்" என்கிறாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

அதுதான் சிங்காநல்லூர் போய்க்கொண்டிருக்கிறேன். சிக்கந்தரிடம் போனில் பேசிவிட்டேன். முழுக்கக் கேட்டார். சோம்பு மெல்லுகிற சத்தம் போனிலேயே கேட்டது. அப்புறம், "திமிங்கலத்துக்கே நான் வேலை பார்த்திருக்கேனுங்க. யானைக்குப் பார்க்க மாட்டனா?" என்றார். புளுகர்தான், ஆனால் குணம் நல்ல குணம். சனிக்கிழமை மத்தியானம், ஊர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிற நேரம், கம்பியையும் குழாயையும் சாக்குக்குள் சுற்றிக்கொண்டு பின்பக்க வாய்க்கால் வழியாக வருகிறார். வழி காட்டத்தான் நான் நேரில் போகிறேன்.

அப்படிப் பார்க்காதீங்க. யானை இல்லாமலா போயிற்று? இருக்கிறது. இப்போது அதற்கு மதம் பிடிக்கிற சீசன், வரமுடியாது. கார் ஓட்டுகிறவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆக்டிங் டிரைவர் போடுவதில்லையா? அந்த மாதிரி, யானைக்குப் பதில் ஒரு ஆள் போடுகிறேன். அதில் என்ன பொய் இருக்கிறது?

இதோ உக்கடம் வந்துவிட்டது. பார்த்தீங்களா, பஸ் பத்திரமாக வந்து சேர்ந்ததா இல்லையா? கண்டக்டர் சிரிப்பதைக் கண்டுக்காதீங்க, அவருக்கு ஒன்றும் தெரியாது. போனதடவை அவரிடம் சும்மா மேலோட்டமாகத்தான் சொன்னேன். டிரைவரிடமும் அப்படித்தான்.

ஒரே ஒரு விஷயம் தம்பி. கடை, குழாய், சிக்கந்தர், இந்தப் பேச்சு எதையும் ஒருத்தரிடமும் மூச்சு விடக்கூடாது. நான் சொன்னேன் என்று எங்கேயும் வரவே கூடாது. வாய் தவறி வந்துவிட்டால், யார் சொன்னது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்லிவிடுங்க: ஆனைமலைப் பக்கத்து ஆள், பி.டி. மாஸ்டர், பேர் தண்டபாணி, பையில் விசில் இருக்கும்.